2019 என்று சொன்ன பிறகு

கல்யாண வீடியோத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு மாதங்கள்தாம் கருவிகளை மாற்றிக்கொள்ளும் காலம்: ஒன்று மார்கழி, மற்றொன்று ஆடி. முகூர்த்தம் இல்லாத இந்த மாதங்களில்தான் கேமராவைச் சர்வீசுக்கு அனுப்ப முடியும், பழைய ஹார்ட் டிஸ்குகளைத் தரம் பிரிக்க முடியும், எடிட்டிங் கணினியைப் பிரித்துப் போட முடியும். ஆவணி பிறந்துவிட்டால் மண்டபங்கள் நிறைந்துவிடும். அதன் பிறகு புதிய கணினி ஒன்று வாசலில் வந்து இறங்கினாலும் அதைத் தொட நேரம் இருக்காது, தொட்டு ஏதாவது நின்றுபோனால் வீட்டாருக்குச் சொல்லப் பதிலும் இருக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எடிட்டிங் கூடம் நடத்திவரும் நான், இந்த 2018ஆம் ஆண்டு ஆடியிலும் என் கணினியை மாற்றப் போவதில்லை. நான் எதிர்பார்த்திருக்கும் புதிய மாக் ப்ரோ, அதாவது ஆப்பிளின் தொழில்முறை மேசைக் கணினி, 2019இல்தான் வரும் என்று ஆப்பிள் நிறுவனம் கடந்த ஏப்ரலில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அந்தச் செய்தி எனக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதியைத்தான் அதிகம் தந்தது. ஏன் அப்படி என்பதை விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது மாக் ப்ரோவின் 2010ஆம் ஆண்டு மாடல். தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதற்கு அடுத்த ஆண்டு, சென்னையில் விளம்பரப் படம் எடுப்பவர்கள் தங்கள் கணினிகளை விற்றபோது வாங்கியது. ஆறு கோர், அதாவது ஆறு கணக்கிடும் பகுதிகள், கொண்ட இரண்டு இன்டெல் ஸியான் செயலிகள் பொருத்தப்பட்ட, ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள அலுமினியப் பெட்டி. இதன் பின்பக்கத் தாழ்ப்பாளைத் தூக்கினால் பக்கவாட்டுத் தகடு முழுவதும் கையோடு வந்துவிடும். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்குகள் தனித்தனித் தட்டுகளில் தொங்குகின்றன. ஒரு வயரைக்கூடப் பிடுங்க வேண்டாம், தட்டைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் வெளியே வரும், திரும்பத் தள்ளினால் தன் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். செயலிகளும் ரேமும் இருக்கும் பலகையையும் அப்படியே மேசை இழுப்பறை போல வெளியே இழுத்துவிடலாம். தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருப்பதால், இங்கே எந்த மின்கருவியின் வெளிமுனையும் சில ஆண்டுகளில் மங்கிப் பூத்துப்போகிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்தத் தகட்டைத் திறந்து, புளோயரால் தூசியை ஊதித் தள்ளி, விசிறி இதழ்களை மெல்லிய தூரிகையால் துடைத்து, ரேம் பட்டைகளின் தங்க நிற முனைகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து வைப்பது வழக்கம். எட்டு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெட்டியின் உட்புறம் புதிது போலவே இருக்கிறது. இப்படி ஒரு பொருளைச் செய்தவர்கள் அதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமான ஆசைதான் என்று நினைக்கிறேன்.

பெட்டி அப்படியே இருக்கிறது. அதற்குள் வந்து விழும் வேலைதான் மாறிவிட்டது. நான் இந்தக் கணினியை வாங்கியபோது எங்கள் வட்டாரத்தில் பலரும் கேனான் 5டி மார்க் 2 வைத்துக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தோம். 4 ஜிபி அளவுக்குச் சுமார் 12 நிமிடப் படம், அதாவது மணிக்கு 20 ஜிபி. இப்போது கையில் இருக்கும் பானசோனிக் ஜிஎச் 5 கேமராவில் 4கே படத்தை, நிற நுணுக்கம் கூடிய 10 பிட்டில் எடுத்தால் நொடிக்கு 150 மெகாபிட். மணிக்கு 67 ஜிபிக்கு மேல் ஆகிவிடுகிறது. ரிசப்ஷன் மாலையும் முகூர்த்தக் காலையுமாக இரண்டு கேமராக்கள் ஆறாறு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணத்துக்கு 800 ஜிபி. அளவு மட்டும் சிக்கல் இல்லை. அந்த 10 பிட் கோப்பை அவிழ்த்துக் காட்டும் பாரம் முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. என்னுடைய பழைய ஸியான்களுக்குள் வீடியோவுக்கென்று தனியாக ஒரு பகுதி கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் முதலில், எடிட்டிங்குக்கு எளிதான ப்ரோரெஸ் என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ப்ரோரெஸ் 422இல் 4கே படம் மணிக்கு 221 ஜிபி. ஒரு வீட்டுக் கல்யாணம் என் மேசைக்கு வந்ததும் மூன்று மடங்குக்கு மேல் பருத்துவிடுகிறது.

மாற்றாமல் நேரடியாக எடிட் செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார், கெட்டிமேளம் எழுகிறது, அட்சதை மேலே பறக்கிறது. அந்த இடத்தில் மேளத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்தான் மணமகளின் முகத்துக்கு மாற வேண்டும். டைம்லைனை ஓட்டினால் சத்தம் சீராகப் போகிறது, படமோ தத்தித் தத்தி வருகிறது. மேளம் விழுந்த இடம் எது, அட்சதை விழுந்த இடம் எது என்று கண்ணும் காதும் ஒன்றுசேர மறுக்கின்றன. வெட்டு எங்கே வைப்பது என்பதைக் கை அறிந்திருந்தும் கை வைக்க முடியாது. ஹோமப் புகையும் மண்டபத்து எல்இடி வெளிச்சமும் கலந்த அந்தப் படச் சட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) இரைச்சல் நீக்கம் வேறு செய்ய வேண்டும். அதைப் போட்டுவிட்டு ஊர் அடங்கிய பிறகும் ரெண்டர், அதாவது படத்தைக் கணினி இறுதி வடிவாக்கும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும். வேகமான கணினி வேண்டும் என்று நான் கேட்பது இரவுத் தூக்கத்துக்காக மட்டும் இல்லை. படம் தடையின்றி ஓடினால்தான் எடிட்டிங் என்பது தாளத்தோடு செய்யும் வேலையாக இருக்கிறது. தத்தினால் அது கணக்குப் போடும் வேலையாக ஆகிவிடுகிறது.

இந்தக் காத்திருப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 2012க்குப் போக வேண்டும். 2006இல் அறிமுகமான மாக் ப்ரோவுக்கு 2010 வரை ஓரளவு ஒழுங்காகப் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்தது. 2012 ஜூனில் வந்தது பெயரளவுக்குச் செயலியின் வேகத்தைச் சிறிது ஏற்றியது மட்டுமே. அப்போது கவலையோடு எழுதிய ஒரு வாடிக்கையாளருக்கு ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் நேரடியாகவே பதில் அனுப்பினார்: தொழில்முறைப் பயனாளர்களுக்காக மிகச் சிறப்பான ஒன்றை அடுத்த ஆண்டின் பிற்பகுதிக்கென்று உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். இடையில் 2013 மார்ச்சில், விசிறிகளுக்குப் பாதுகாப்புக் கவசம் வேண்டும் என்ற புதிய விதியைப் பழைய பெட்டி நிறைவு செய்யவில்லை என்பதால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் விற்பனையே நின்றுபோனது. ஜூனில் புதிய மாடலைக் காட்டினார்கள். டிசம்பர் 19 அன்று விற்பனைக்கு வந்தது.

வந்தது ஒரு கரிய உருளை. உயரம் 25 சென்டிமீட்டர், எடை 5 கிலோ. நடுவில் முக்கோண வடிவில் ஓர் அலுமினியத் தண்டு, அதன் ஒரு பக்கத்தில் செயலி, மற்ற இரு பக்கங்களில் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள், மேலே எல்லாவற்றையும் குளிர்விக்கும் ஒரே விசிறி. பொறியியல் அழகு என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் வைக்க உள்ளே இடமில்லை. கூடுதல் அட்டை செருகவும் வழியில்லை. எல்லாம் தண்டர்போல்ட் வயர் வழியாக மேசைக்கு வெளியே வர வேண்டும். கடற்கரை ஊரில் இருப்பவனுக்கு இது என்ன பொருள் தரும் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. வெளியே வரும் ஒவ்வொரு முனையும் உப்புக்காற்று தொடும் இன்னோர் இடம். ஒவ்வொரு வெளிப்பெட்டிக்கும் தனி அடாப்டர், ஒவ்வோர் அடாப்டரும் யுபிஎஸ்ஸில் தொங்கும் இன்னொரு சுமை. நான் அதை வாங்காமல் இருந்ததற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

அந்த உருளை பிறகு ஆண்டுக்கணக்கில் மாறாமலே விற்பனையில் இருந்தது. காரணத்தை அவர்களே 2017 ஏப்ரலில் சில செய்தியாளர்களை அழைத்து விளக்கினார்கள். ஃபில் ஷில்லர், கிரெய்க் ஃபெடரிகி, ஜான் டெர்னஸ் ஆகிய ஆப்பிள் நிர்வாகிகள் மூவரும் உட்கார்ந்து பேசிய சந்திப்பு அது. நடுத்தரத் திறன் கொண்ட இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் இணைந்து வேலை செய்யும் காலம் வரும் என்று கணித்து அந்த உருளையை வடிவமைத்தார்கள். தொழிலுலகமோ ஒரே பெரிய, மிகுந்த வெப்பத்தை வெளிவிடும் அட்டையின் பக்கம் போய்விட்டது. முக்கோணத் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அவ்வளவு வெப்பத்தை ஏற்ற முடியாது. வெப்ப விஷயத்தில் தங்களைத் தாங்களே ஒரு மூலையில் அடைத்துக்கொண்டதாக ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். பகுதி பகுதியாக மாற்றிக்கொள்ளக்கூடிய புதிய மாக் ப்ரோவை உருவாக்கிவருகிறோம், அது அந்த ஆண்டு வராது என்றும் சொன்னார்கள். அதுவரைக்குமாக, 2,999 டாலர் உருளையில் நான்கு கோருக்குப் பதில் ஆறு கோர் தந்தார்கள்.

தொழிலில் இருக்கும் எனக்கு அந்தச் சந்திப்பு எந்தப் புதிய மாடலின் அறிமுக விழாவையும்விட முக்கியமானதாகப் பட்டது. அதற்கு முந்தைய மூன்றே கால் ஆண்டுகளில் இந்தக் கணினி இனி உண்டா இல்லையா என்பதற்கே விடை இல்லாமல் இருந்தது. விடை இல்லாதபோது ஒருவன் எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. உருளையை வாங்கினால் அடுத்த மாதமே புதியது வந்துவிடுமோ என்ற அச்சம். விண்டோசுக்குப் போனால், மாக்கில் மட்டும் ஓடும் ஃபைனல் கட் எடிட்டிங் மென்பொருளில் சேர்த்து வைத்த வேலைக் கோப்புகளான எல்லா லைப்ரரிகளையும் விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்ற தயக்கம். பழையதிலேயே தொடர்ந்தால் அதற்கு இன்னும் எவ்வளவு செலவு செய்வது என்ற குழப்பம். உதவியாளர் ஒருவரைச் சேர்ப்பதா, 4கே வேலையை ஒப்புக்கொள்வதா, கடையை விரிவாக்குவதா என்று எல்லாமே இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றன.

கல்யாண வீட்டார் எங்களிடம் நடந்துகொள்வதை இங்கே சொல்ல வேண்டும். வைகாசியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனார் ஒருவர், நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்தவர், இந்த மாதத் தொடக்கத்தில் வந்து, "ஆடிக்குப் பொண்ண அழைச்சிக்கிட்டு வரோம் தம்பி, அதுக்குள்ள படம் கெடச்சிடுமா?" என்று கேட்டார். ஆடிக்குள் முடியாது, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நிச்சயம் கையில் தருகிறேன் என்றேன். கொஞ்சம் முகம் வாடினார். பிறகு, "அப்படின்னா மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே தேதிய சொல்லிடறேன்" என்று எழுந்துபோனார். தாமதத்தை அவர் ஏற்றுக்கொண்டார், தேதியைக் கொண்டு தன் காரியங்களை அடுக்கிக்கொண்டார். பார்க்கலாம், ஆகட்டும் என்று நான் இழுத்திருந்தால் இன்றைக்கும் தினம் ஒரு போன் வந்துகொண்டிருக்கும், அதில் தவறும் சொல்ல முடியாது.

கடந்த டிசம்பரில் வந்த ஐமாக் ப்ரோவை வாங்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 4,999 டாலரில் தொடங்கும் அந்தக் கணினி வேகத்தில் சிறந்தது. 8 முதல் 18 கோர் வரை கிடைக்கிறது, 27 அங்குல 5கே திரையும் சேர்ந்தே வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே உடலாக ஒட்டிய கணினி அது. ரேமைக் கூட்ட வேண்டுமானால் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிராபிக்ஸ் அட்டையை மாற்றவே முடியாது. சீசன் நடுவில் உள்ளே ஒரு பாகம் போனால் திரையோடு சேர்த்து மொத்தக் கணினியையும் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்விட்டுத் திரும்பும் வரை கடை மூடியிருக்கும். பெரிய நகரத்தில், பல கணினிகள் உள்ள கூடத்தில் இது சிறிய விஷயமாக இருக்கலாம். ஒரே கணினியை நம்பிக் கடை நடத்தும் சிற்றூர்க்காரனுக்கு, தானே திறந்து, கெட்டுப்போன பாகத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடிவது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

அதனால்தான் கடந்த ஏப்ரலில் வந்த செய்தியை நான் வரவேற்கிறேன். ஐமாக் ப்ரோவை வாங்கலாமா, மாக் ப்ரோவுக்குக் காத்திருக்கலாமா என்று இந்த ஆண்டு தீர்மானிக்க இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, இது 2019ஆம் ஆண்டுப் பொருள் என்று ஆப்பிளின் டாம் போகர் டெக்கிரஞ்ச் இணைய இதழிடம் சொன்னார். படத்தொகுப்பு, இசை, முப்பரிமாணம் ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களையே நிறுவனத்துக்குள் அழைத்து, அவர்கள் எங்கே தடைபடுகிறார்கள் என்று கவனிக்க ஒரு குழு அமைத்திருப்பதும் அப்போது வெளியானது. தன் பொருள் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே அதைப் பற்றிப் பேசுவது அந்த நிறுவனத்தின் வழக்கத்துக்கே மாறானது. பேசினார்கள். மாக் வாங்குபவர்களில் மாக் ப்ரோ வாங்குபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பதையும் அவர்களே 2017இல் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய கூட்டத்துக்காக மேசைக் கணினியை முதலிலிருந்து வடிவமைக்க முன்வந்ததை நான் மதிக்கிறேன். அதே வேளையில், சென்ற ஜூனில் நடந்த ஆப்பிளின் மென்பொருளாளர் மாநாட்டில் எந்த வன்பொருளும் வராததையும், மாக் மினி 2014 அக்டோபருக்குப் பிறகு தொடப்படாமலே கிடப்பதையும் பார்க்கும்போது, மேசைக் கணினிகளுக்கு அங்கே இன்னும் உரிய இடம் திரும்பவில்லை என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

விண்டோஸ் பக்கம் நிலைமை வேறு. கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்யாண எடிட்டிங் செய்யும் நண்பர்கள் பெரும்பாலும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். கடையில் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்துகொள்கிறார்கள். சென்ற ஆகஸ்டில் ஏஎம்டி நிறுவனம் 16 கோர் திரெட்ரிப்பர் செயலியை 999 டாலருக்குக் கொண்டுவந்தது; இந்த ஆண்டு 32 கோர் வரும் என்று ஜூனில் அறிவித்திருக்கிறது. அதே காலத்தில், மாக் கணினிகளுக்குச் செயலி தரும் இன்டெலின் அடுத்த தலைமுறையான 10 நானோமீட்டர்ச் செயலிகளின் பெருமளவு உற்பத்தி 2019க்குத் தள்ளிப்போயிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாக்கை விட்டு விலகுபவர்களின் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. பத்து ஆண்டுப் பழக்கமும், ஃபைனல் கட்டில், துண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும் காந்த டைம்லைனில் கை ஓடும் வேகமும், திரும்பவும் கேட்டு வரும் வீட்டாருக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் லைப்ரரிகளும் இல்லையென்றால் நானும் போயிருப்பேன்.

புதிய கணினியில் எனக்கு வேண்டியவை அதிகமில்லை. தகட்டை நானே திறக்க முடிய வேண்டும். கிராபிக்ஸ் அட்டையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற இடமும், அதற்குப் போதிய மின்சாரமும் உள்ளே இருக்க வேண்டும். என் பழைய பெட்டியில் ஆர்எக்ஸ் 580 அட்டையைப் பொருத்தியபோது, அட்டை கேட்பது எட்டு முனை இணைப்பு, பலகையில் இருப்பதோ இரண்டு சிறிய ஆறு முனை இணைப்புகள். இரண்டையும் ஒன்றாக்கும் வயரைத் தேடி வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த அட்டை வந்த பிறகு கணினியை இயக்கினால் உள்நுழைவுத் திரை வரும் வரை மானிட்டர் இருண்டே கிடக்கும். இருந்தும் எட்டு ஆண்டுப் பழைய பெட்டி சென்ற ஆண்டின் அட்டையை ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. புதியதும் 2027இல் வரும் அட்டையை அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும். விலை அடிப்படை மாடலிலேயே ஐமாக் ப்ரோவைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பது என் வேண்டுதல். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்டி வாங்குபவர்களில் என்னைப் போன்ற தனியாட்களும் இருக்கிறார்கள்.

2019 என்று தெரிந்துவிட்டதால் இந்த ஆடிக்கான வேலைத்திட்டம் எளிதாகிவிட்டது. பழைய பெட்டியில் டிஸ்குகளுக்கான சாட்டா இணைப்புகளின் வேகம் 4கேவுக்குப் போதாது என்பதால், கூடுதல் அட்டைகளுக்கான பிசிஐ இடத்தில் செருகும் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, நடப்பு வேலைகளை மட்டும் அதில் வைக்கப் போகிறேன். ஜூனில் அறிவித்த மொஹாவி இயங்குதளம், ஆப்பிளின் மெட்டல் என்ற வரைகலைத் தொழில்நுட்பத்தை ஏற்கும் கிராபிக்ஸ் அட்டை இருந்தால், 2010 மாடலிலும் ஓடும் என்று ஆப்பிளே சொல்லியிருப்பதால் இன்னும் ஓராண்டுக்கு மென்பொருள் பயம் இல்லை. ஆவணி சீசனுக்கு முதன்மைக் கேமராவில் மட்டும் 4கே, இரண்டாவதில் முழு எச்டி என்று வீட்டாரிடம் முன்பே பேசிக்கொள்கிறேன். மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன். அடுத்த ஜூன் மாநாட்டில் புதிய மாக் ப்ரோவைக் காட்டி, விலையையும் சொல்லிவிட்டால் 2019 மார்கழிக்குள் வாங்கிவிடலாம். அப்போதும் காட்டவில்லை என்றால், அடுத்த ஆடியில் இதே பணத்தில் திரெட்ரிப்பர் கணினி ஒன்றை அசெம்பிள் செய்து, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறிவிடுவேன். அதற்குள் பழக வேண்டும் என்பதற்காக ரிசால்வின் இலவசப் பதிப்பை இந்த வாரமே தரவிறக்கிவிட்டேன்.